உள்மதிப்பீடு

நாற்பத்தொரு தாள்.
முப்பத்தெட்டு, "இன்றைய நவீன யுகத்தில்" என்று தொடங்குகின்றன.
மீதி மூன்று, "இன்றைய நவீன உலகில்."
தலைப்பு நான் கொடுத்ததுதான்:
வேளாண்மையின் முக்கியத்துவம்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டில்
பாலக்கோடு வண்டி கிளம்பாமல் உறுமிக்கொண்டிருக்க
மடியில் வைத்துத் திருத்துகிறேன்.
இங்கே வலி மிகும், இங்கே மிகாது.
சிவப்பு மைக்கு வேறெதுவும் தெரியவில்லை.

மாதேஸ்வரியின் தாளுக்குப் பின்னால்
குண்டூசியில் ஒரு விடுப்புக் கடிதம்:

"தக்காளி கிலோ மூன்று ரூபாய்.
பறிக்கும் கூலி அதைவிட அதிகம்.
அப்பா மாடுகளைத் தோட்டத்துக்குள் விட்டுவிட்டார்.
மாடுகளும் பாதியில் நின்றுவிட்டன.
பார்த்துக்கொண்டே இருந்ததில்
எட்டரை பஸ்ஸை விட்டுவிட்டேன்."

கட்டுரையைக் குறுக்கே அடித்து
கடிதத்துக்கு மதிப்பெண் போட்டேன்.
"இதை எழுது."

திங்கட்கிழமை எழுதி வந்தாள்:
"இன்றைய நவீன யுகத்தில்
தக்காளி கிலோ மூன்று ரூபாய்."

அடிக்கப் போன பேனா நின்றது.
எத்தனையோ வருடமாகத் திருத்துகிறேன்,
அந்த யுகத்துக்கு
இப்போதுதான் ஒரு விலை போட்டிருக்கிறார்கள்.

"முடிவுரை எழுதலைங்க மேடம்.
மார்க் போயிடுமா?"

துறைத்தலைவர் கேட்பார்தான்.
இருந்தாலும்
மாடுகள் நின்ற இடத்தில்
அழுத்தி ஒரு புள்ளி வைத்து
"இதுதான் முடிவு, இதோடு விடு" என்றேன்,
கொஞ்சம் பெருமையாகவே.

"இல்லைங்க மேடம்,
மறுநாள் காலையில
மிச்சத்தையும் தின்னுடுச்சுங்க."

என் புள்ளிக்கு ஒரு வால் இழுத்துக்
காற்புள்ளியாக்கி
தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.