பக்கத்துக்கு இருபது ரூபாய்

வேலந்தாவளத்தில் சாலைக்கு இந்தப் பக்கம் கேரளம்,
அந்தப் பக்கம் டீ இரண்டு ரூபாய் மலிவு.
என் ஜெராக்ஸ் கடை இந்தப் பக்கம், பத்தடி உள்ளே.
மழைக்காலத்தில் பிரிண்டருக்கு நான் குடை பிடிப்பேன்.

பத்தாம் வகுப்பும் ப்ளஸ் ஒன்னும்
ஆங்கில அசைன்மென்ட்டோடு வருவது வியாழன் மாலை.
வெள்ளி காலை வைக்காவிட்டால் மார்க் கிடையாது.
அடித்துத் தரப் பக்கத்துக்கு இருபது.
திருத்தித் தர என்ன விலை என்று
எழுதி ஒட்டவில்லை.
பொள்ளாச்சிக் கல்லூரியில்
எனக்கே ஆங்கிலத்தில் இரண்டு அரியர்
இன்னும் என் பேரில் நிற்கிறது.

ஆனாலும் கேட்கிறார்கள்:
"அக்கா, கொஞ்சம் மினுக்கிக் குடுங்க."

மினுக்குவது என்றால்
மூன்று 'வெரி' வந்தால் இரண்டைக் கழற்றுவது.
போன வரியில் நேற்று நடந்த ஆடு
இந்த வரியிலும் நேற்றே நடக்கிறதா என்று பார்ப்பது.
நெட்டில் இருந்து பிடுங்கி நட்ட பத்தியை
வாசனையிலேயே கண்டுபிடிப்பது:
நல்லேப்பிள்ளிக்காரன் விடிகாலையில் கதவைத் திறந்தால்
முற்றமெல்லாம் உறைபனி கிடக்காது, தம்பி.

கம்ப்யூட்டருக்கு என்னைவிட ஆங்கிலம் தெரியும்.
ஊர்தான் தெரியாது.
கொழிஞ்சாம்பாறை என்று அடித்தால்
அடியில் ஒரு சிவப்புப் புழு நெளியும்.
எருத்தேம்பதிக்கும் புழு. வண்ணாமடைக்கும்.
ஷெரீபா தன் அத்தா பெயரில் ராவுத்தர் என்று எழுதினால்
'ரூட்டர்' என்பதா என்று பணிவாகக் கேட்கும்.
வலது பொத்தானை அழுத்தி
'அகராதியில் சேர்' என்று கொடுப்பேன்.
ஐந்து வருஷத்தில் நாற்பத்திரண்டு ஊர்,
பிள்ளைகளின் தாய் தகப்பன் பெயர்கள்,
மட்டப்பாறை வீட்டு நாய் சொப்பி உட்பட
அந்தப் பெட்டிக்குப் பழகிவிட்டது.
ஃபார்மேட் செய்தால் வேகமாகும் என்கிறான் சர்வீஸ் பையன்.
வேகம் வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்று குணவதி வந்தாள்.
தலைப்பு: என் அக்கம்பக்கம்.
தோப்பில் எத்தனை தென்னை, எது கோணல்,
கள்ளு வண்டி எத்தனை மணிக்கு
எர்ணாகுளத்துக்குக் கிளம்பும்,
எல்லாம் இருந்தது, முற்றுப்புள்ளி தவிர.
அப்பாவின் வேலையை எழுதும்போது மட்டும்
'டாடி'யில் ஒரு டி விட்டுப் போயிருந்தது.
பெட்டி சும்மா இருக்குமா,
நடுவில் ஒரு ஏ சேர்த்து
தானே சரிசெய்துகொண்டது.

அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தோம்:
மை ஃபாதர் ஈஸ் எ டுடே மேன்.
என் அப்பா இன்றைக்கு ஆள்.

அவள் சத்தமாகச் சிரித்தாள்.
"சரிதாங்க்கா. நாளைக்குன்னு ஒரு ரூவா எடுத்து வெச்சதில்ல."
நானும் சிரித்து,
பிறகு சிரிக்கலாமா என்று தெரியாமல்
நேராக இருந்த காகிதங்களை நேராக்கினேன்.

"அப்படியே விட்டுரலாமா?"
"வேண்டாங்க்கா. ரெண்டு டி போடுங்க.
மிஸ்ஸு தப்புன்னு வட்டம் போட்டா
அவரச் சுத்திப் போட்ட மாதிரி இருக்கும்."

அப்புறம் நின்று யோசித்து
இன்னொரு வரி சொன்னாள், நோட்டில் இல்லாதது:
மரத்து மேல இருந்து பாத்தா
தமிழ்நாட்டுக் காத்தாடி சுத்துறது தெரியுமாம்,
எத்தனை சுத்துதோ அத எண்ணிட்டுத்தான்
அப்பா கீழ எறங்குவாராம்.

அந்த ஒரு வரியை ஆங்கிலத்தில் நிறுத்த
எங்கள் இருவருக்கும் அரை மணி நேரம்.
கடைசி பஸ் ஹாரன் அடித்தது.
நான் எழுதியது அவளுக்குப் பிடிக்கவில்லை;
அவள் எழுதியதையே அடித்தேன்,
ஒரு 'தி' மட்டும் சேர்த்து.

வீணான அந்தத் தாள்
வெற்றுப் பக்கம் மேலாக மேசையில் கிடக்கிறது.
இன்று காலை அதில்தான் கணக்கெழுதினேன்:
குணவதி, மூன்று பக்கம், பாக்கி நாற்பது.
நாளை தருவதாகச் சொன்னாள்.