செப்டம்பரில் அறை மலிவு

மூன்று வருடமாய்த் தள்ளிப்போட்ட விடுமுறையை
நேற்றிரவு சாப்பாட்டு மேஜையில் விரித்தோம்.
வரைபடத்தின் ஒரு மூலையில் உப்புக் குப்பி,
மறு மூலையில் டோயலின் முழங்கை.
அமரில்லோவிலிருந்து கால்வெஸ்டன் தீவு வரை
பென்சிலால் கோடிழுக்கிறான்.
மாட்டுப் பட்டிகள் தாண்டி, பருத்தி தாண்டி,
ஹூஸ்டன் நெரிசலில் கொஞ்சம் நின்று
கோடு தண்ணீருக்குள் போகிறது.
முனை உடைந்துவிட்டது.

எனக்குப் பழைய வீடுகள் வேண்டும்.
இரும்பில் கொடி பின்னிய மாடங்கள்,
கப்பல் வியாபாரிகள் பணத்தைச் செங்கல்லாக்கிய தெரு.
அவனுக்கு ஒரு தூண்டிலும்
யாரும் டயர் மாற்றச் சொல்லாத ஒரு காலையும்.
ஜூனிக்குக் கடல்.
எவ்வளவு கடல் என்று கேட்டேன்.
முழுசா, என்றாள்.

ஜூலையில் ஓர் இரவுக்கு இருநூற்று நாற்பது டாலர்.
ஆகஸ்டில் இருநூறு.
செப்டம்பர் இரண்டாம் வாரம்
எண்பத்தைந்து.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.
எண்பத்தைந்துதான். காலைச் சாப்பாடும் சேர்த்து.

இரவெல்லாம் லாரிகளுக்குச் சரக்கு பிரித்துக் கொடுப்பவள் நான்.
மலிவாய் வருகிற எதையும்
கவிழ்த்துப் பார்க்காமல் வாங்கமாட்டேன்.
விடுதிக்கே போன் போட்டேன்.
எடுத்தவள் மிஸஸ் திபோடோ.
ஏன் இவ்வளவு குறைச்சல்?
அந்தப் பக்கம் கண்ணாடித் தம்ளரில்
ஐஸ் கட்டி நகரும் சத்தம்.
அது புயல் மாசம், கண்ணு, என்றாள்
இலை உதிரும் மாசம் என்பதுபோல.

பிறகு அவளே சொன்னாள், கேட்காமலே.
ஆயிரத்துத் தொள்ளாயிரம், செப்டம்பர் எட்டு.
ஒரே ராத்திரி.
எத்தனை பேர் என்று இன்றுவரை சரியாக எண்ணி முடியவில்லை.
மிஞ்சியவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை,
ஊரைத் தூக்கினார்கள்.
வீடு வீடாய், மாதாகோவிலையும் விடாமல்,
அடியில் ஜாக்கி கொடுத்து, கையால் திருகித் திருகி.
இடைவெளியில் கடல் மணலைக் கொட்டினார்கள்.
"என் வாசற்படிக்குக் கீழே இன்னொரு வாசற்படி இருக்கு.
அதுக்கு வாடகை கேக்கறதில்ல" என்று சிரித்தாள்.

ஜாக்கி என்றதும் டோயல் நிமிர்ந்தான்.
எத்தனை டன் தாங்கும் ஜாக்கி என்று கேள், என்றான்.
கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை.
மாடிப்படிச் சுவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள்:
பிள்ளைகள் வளர்ந்த உயரம் பென்சில் கோடுகளில்,
தண்ணீர் ஏறிய உயரமும் அதே சுவரில்.
இரண்டாயிரத்து எட்டில் போட்ட கோடு
அவள் பையனை எட்டிப் பிடித்துத் தாண்டிவிட்டதாம்.
பையன் இப்போது டென்வரில்.
கோடு இருக்கிறது.

போனை வைத்ததும் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜ் மட்டும் பேசியது.
எப்படித் தூங்குகிறார்கள் அங்கே, என்றேன்.
டோயல் குளியலறைப் பக்கம் பார்த்தான்.
போன வசந்தத்தில் சங்கு ஊதிய இரவு
மூன்று பேரும் தொட்டிக்குள் படுத்து
தலைக்கு மேல் மெத்தையைக் கவிழ்த்துக்கொண்டோமே.
சூறைக்காற்று இரண்டு தெரு தள்ளித் திரும்பியது.
அவர்களுக்குச் செப்டம்பர், நமக்கு ஏப்ரல்,
அவ்வளவுதான், என்றான்.
அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது.

இந்த வருடப் புயல் பட்டியலில் தன் பெயர் உண்டா
என்று தேடச் சொன்னாள் ஜூனி.
இல்லை.
பயணத்தின் முதல் ஏமாற்றம்,
இன்னும் பெட்டியே கட்டவில்லை.

மாடி அறையாய்ப் பார்த்துப் பதிவு செய்தேன்.
பெயர் வைத்த புயல் வந்தால் பணம் வாபஸ்,
பெயரில்லாத மழைக்குக் கிடையாது.
நான் கார்டு எண்ணைத் தட்டிக்கொண்டிருக்க
ஃபிரிட்ஜில் முதுகை ஒட்டி நின்றாள் ஜூனி.
அந்தக் கோடு எவ்வளவு உயரம் இருக்கும்?
டோயல் ஒரு குத்துமதிப்பாய்
அவள் தலைக்கு ஒரு முழம் மேலே கையை வைத்தான்.
குதித்தாள். எட்டவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி குதித்தாள்.