நாலு ஓட்டை பட்டன்

ஏற்றுமதிக்குப் போகாத அட்டைப்பெட்டியைப் பிரித்து
உள்பக்கம் மேலே வரும்படி விரித்தால்
அதுதான் எங்கள் விண்வெளி.
ஓரத்தில் அச்சு ஊறித் தெரிகிறது:
மீடியம், நேவி புளூ, நாற்பத்தெட்டு பீஸ்.

பேட்டர்ன் மாஸ்டரின் ஸ்கேலைக் கேட்காமல் எடுத்து
அறுகோணங்கள் வரைந்தேன்.
நாலு ஓட்டை பட்டன், போர்க்கலம்.
ரெண்டு ஓட்டை, ஆளில்லாதது.
உடைந்தது எதுவானாலும் எரிகல்.

அனுப்பர்பாளையத்தில் மாடி அறை,
நைட் ஷிப்ட் இல்லாத ஞாயிறு.
பிரகதீஸ் பகடையை உருட்டுவான், ஆறு விழும்,
ஏதோ ஒன்று வெடிக்கும்.
"அப்பறம்?" என்பாள் ரிஸ்வானா.
அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி பகடை.
நாலு வாரம் இப்படியே போனது.

நான் பார்த்துப் பயந்தது இதையல்ல.
அந்த ஜப்பான் அனிமேயில் பதினேழாம் எபிசோடு.
கலத்துக்கு வெளியே ஒருத்தி,
இடுப்பில் ஒரு கயிறு.
படக் கம்பெனிக்குக் காசு தீர்ந்ததோ என்னவோ,
பத்து நொடி ஒரே சித்திரம்.
கீழே எழுத்தும் ஓடவில்லை.
அவள் மூச்சு மட்டும் கேட்கிறது.
ஓவர்லாக் மெஷின்களுக்கு நடுவே
செல்போனை முழங்காலில் சாய்த்திருந்த நான்
என் மூச்சை விட மறந்தேன்.

அசையாத படம்.
அட்டையும் அதுதானே?

அடுத்த ஞாயிறு பகடையை ஒளித்துவைத்தேன்.
வேஸ்ட் கோனிலிருந்து நூல்,
பட்டனுக்கு ஒரு முழம்,
மறுமுனை தாய்க்கலத்தில்.
நூல் எட்டும்வரை போகலாம்.
யார் நூலையும் தாண்டலாம்.
சிக்கினால் அறுக்கலாம், இதோ கட்டர்;
அறுந்தவருக்கு மூன்று சுற்றுக்குத்தான் காற்று.

ஏழாம் சுற்றில் விண்வெளி முழுக்கச் சிக்கு.
"அறுத்துப்போடறேன், பாத்துக்க."
பிரகதீஸ் கையைத் தட்டிவிட்டாள் ரிஸ்வானா.
குனிந்து, நகத்தால் முடிச்சை நெம்பினாள்.
செக்கிங்கில் ஆறு வருசம் பிசிர் கிள்ளிய நகம்.
"இரு, வந்துருச்சு."
வரவில்லை.
அவள் முறை போனது. அதற்கடுத்ததும்.
நெம்புவது எதிரியின் நூல் என்பதே
அவளுக்கு நினைவில்லை.
பிரகதீஸ் கட்டரை மூடி
மடியில் வைத்துக்கொண்டான்.
கீழே சாயப்பட்டறை லாரி ரிவர்ஸ் எடுக்க
பட்டன்கள் லேசாக அதிர்ந்தன.
பத்து நொடியை எப்போதோ தாண்டியிருந்தோம்.

நோட்டைத் திறந்து நாலாவது விதி எழுதினேன்:
முடிச்சு அவிழ்ப்பவர் நகரக்கூடாது.
அவளிடம் நீட்டினேன்.

"நகர்ற மாதிரியா இருக்குது?" என்றாள்,
தலை நிமிராமல்.