துணைநூற் பட்டியல்

வியாழன் இரவு ஏழு மணி.
புனித ஆஸ்வால்ட் ஆலயத்தின் பின்கட்டு அறையில்
ஹீட்டர் கனைக்கிறது, சூடு தருவதில்லை.
ஒன்பது பேர். கோட்டைக் கழற்றாமலே
திரித்துவம் படிக்கிறோம்.

பஸ் ஓட்டும் ஸ்டோத்தர்ட் கிரேக்க எழுத்துகளைப்
பயணச்சீட்டின் முதுகில் எழுதிப் பழகுகிறார்.
ஒமேகாவை மட்டும் அகலமாக வளைக்கிறார்,
சந்தை முக்கில் வண்டியைத் திருப்புவதுபோல.
எபெலேவுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை.
கால்மணி முன்னதாகவே கிளம்பிவிடுவாள்
கிருபையைப் பாதியில் விட்டு.

நான் பாடம் எடுப்பவன்.
முனைவர் பட்டம் உண்டு.
இதுவரை ஒரு பிணத்தையும் தொட்டதில்லை.

ஹில்டா காக்வெல்
நகரத் தகன நிலையத்தில் பதினேழு வருடம்.
'பின்பக்கம்' என்பாள் தன் வேலையை.
முன்பக்கம் திரை, ஆர்கன், லில்லிப் பூக்கள்,
போதகரின் தாழ்ந்த குரல்.
பின்பக்கம் இவள், ஒரு பொத்தான், நீண்ட வாருகோல்.
பேராயர் கையால் நீலப் பட்டை வாங்கி
ஞாயிறுகளில் பிரசங்கிக்க வேண்டுமென்று
ஐம்பத்தெட்டாம் வயதில் விண்ணப்பித்தாள்.
ஏன் என்ற கட்டத்தில்
'கேள்விகள் சேர்ந்துவிட்டன' என்று எழுதியிருந்தாள்.

இரண்டாம் பருவக் கட்டுரை:
சரீரத்தின் உயிர்த்தெழுதலை ஆராய்க.
இரண்டாயிரம் சொற்கள். ஐந்து நூல்களாவது தேவை.

அவள் தந்தது ஆயிரத்து நூறு சொற்கள்,
நீல மையில், அடித்தல் திருத்தலோடு:

தொண்ணூறு நிமிடம். பிறகு ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.
மிஞ்சுவதில் இடுப்புக் குண்டு, முழங்கால் தகடு,
நெஞ்சைத் தைத்த கம்பி.
அவற்றை ஒரு வாளியில் போடுகிறோம்.
வாளியில் பெயர் எழுதுவதில்லை.
நிறைந்ததும் ஒரு கம்பெனி எடுத்துப்போய் உருக்குகிறது.
மிஸஸ் டிப்பெட்டை எனக்குத் தெரியும்.
கடைசிநாளில் அவளுக்குப் புது இடுப்பு கிடைக்கும், நம்புகிறேன்.
ஆனால் அந்த உலோகத்தோடுதான் பதினொரு வருடம்
பீடம்வரை நடந்தாள்,
முழங்காலிட முடியாமல் நின்றபடியே அப்பம் வாங்கினாள்.
அதுவும் அவள்தானே?

பிறகு ஒரு வரி இடம் விட்டு:

கைக்குழந்தைகளில் சிலநேரம் எதுவும் மிஞ்சாது.
அதனால் அவர்களுக்கு அதிகாலை வைத்துக்கொள்வேன்,
உலை சூடேறுமுன்.
தீயைக் குறைத்து, பக்கத்திலேயே நிற்பேன்.
ஒரு சிட்டிகையாவது கையில் கொடுக்க வேண்டும்.
உயிர்த்தெழுதல் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவே.

துணைநூற் பட்டியல்:
ஒன்று, ஜெபப் புத்தகம்.
இரண்டு, வாளி.

மதிப்பெண் தாளில் நான்கு கட்டங்கள்.
வாதம், ஆதாரம், நடை, சிந்தனை.
ஆதாரத்தில் பேனா நின்றது.
இரவு முழுக்கச் சமையலறை மேசையில் கிடந்தது தாள்;
காலையில் தேநீர்க் கறையோடு
முழு மதிப்பெண் போட்டுக் கொண்டுபோனேன்.

அவள் மகிழவில்லை.
'ஐந்து நூல் என்றீர்கள். நான் படித்தது ஒன்று.
எபெலே ஐந்தும் படித்தாள்,
கட்டிலுக்குக் கட்டில் எழுந்து போய்வந்து.
குறையுங்கள்.'

குறைத்தேன்.
வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க,
சிவப்பு மையால்,
அறுபத்திரண்டு.

அடுத்த வியாழன் பேராய நூலகத்திலிருந்து
மூன்று தடிமன் நூல்கள் சுமந்து வந்தாள்,
பேக்கரிப் பையில்.
ஒன்றில் புகார்:
நாற்பது பக்கம் தாண்டிவிட்டேன்,
உடம்பு இன்னும் வரவில்லையே.

புரட்டிப் பார்த்தேன்.
உண்மைதான்.
இரண்டுமுறை படித்த நூல்,
ஓரமெல்லாம் என் பென்சில் குறிகள்.
கவனித்ததில்லை.

ஸ்டோத்தர்ட் எழுந்து ஹீட்டரை ஓர் உதை உதைத்தார்.
'வரும்,' என்றாள் எபெலே, கோட்டுப் பொத்தானைப் போட்டபடி,
'என் ஆட்கள் காத்திருக்கிறார்கள்' என்று
படியிறங்கினாள்.