ஒரு கால்

"மலை இறங்கினாலும் சூடு ஆறாது."
இந்த நாலு சொல்லுக்கு எனக்கு நாலு மாதம் பிடித்தது.

டிக்கோயாப் பக்கம், ஒன்பதாம் நம்பர் மலையில்
தவசீலி தன் தேத்தண்ணிப் போத்தலைப்
பிள்ளையின் பழைய காலுறைக்குள் திணித்துத்
தேயிலைத் தூரில் சாய்த்து வைத்ததைப் பார்த்த அன்று
முதல் சொல் விழுந்தது.
பத்து மணிக்கு அவள் திறந்தபோது
ஆவி இல்லை.
மூடியில் ஊற்றி எனக்கும் நீட்டினாள்.
குடித்தேன்.
சாயம் கலந்த மழைத்தண்ணி.

கொழும்பில் கண்ணாடி மேசையைச் சுற்றி
அந்தக் காலுறையின் கதையைத்தான் சொன்னேன்.
முதலாளி கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு "இதுதான்" என்றார்.
அந்த நிமிடத்தை இன்னும் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்,
செல்லாத நோட்டைப் போல.

எழுத்துரு மாற்றிய பையனுக்குத் தமிழ் தெரியாது.
அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.
கடைசிப் பிரதி என் கைபேசிக்குத்தான் வந்தது,
ரயில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைகிற நேரம்.
கட்டைவிரல் அகலத்தில் ஒரு படம்.
"ஓகே" என்று அனுப்பினேன்.
வெளிச்சம் திரும்பியதும்
ஜன்னலால் மலை பார்த்தேன்.

ஐந்நூறு சுவரொட்டி.
ஹட்டன் பஸ் நிலையத்தில், கொட்டகலைச் சந்தியில்,
நோர்வூட் பாலத்துக்குப் பக்கத்தில்,
பொகவந்தலாவை வரைக்கும்
பசை காயாமல் சொல்லின:
"மலை இறங்கினாலும் சூடு ஆறது."

ஒரு கால் போயிருந்தது.
இல்லை என்பதைச் சுமந்துகொண்டிருந்த கால்.
அது விழுந்ததும்
எங்கள் வாக்குறுதி நொண்டி நொண்டி
எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது.
பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் உரக்க வாசித்தார்:
"ஆறுதுன்னு அவங்களே சொல்றாங்கப்பா.
நேர்மையான கம்பனி."
நானும் சேர்ந்து சிரித்தேன்,
யாரோ ஒருவனைப் போல.

ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ லயங்களுக்குள் போனது
காலை பத்து மணிக்கு.
கேட்டவை இரண்டு நாய்கள், காய்ச்சலில் கிடந்த ஒரு பிள்ளை.
மற்ற எல்லோரும் மலையில்,
ஆறின தேத்தண்ணியோடு.
சம்பளம் பத்தாம் திகதி.
பிளாஸ்க் கடைக்கு வந்தது பதினேழாம் திகதி.
அதற்குள் கடன்காரர் வந்து போயிருந்தார்.

நல்ல பிளாஸ்க். அதையும் சொல்லவேண்டும்.
விடிய ஐந்துக்கு ஊற்றி
பகல் ஒரு மணிக்குத் திறந்தேன்.
நாக்கு வெந்தது.

மாத முடிவில் அறிக்கை வந்தது:
"தோட்டப்புறத்தில் இதற்குத் தேவை இல்லை."
அந்த "இல்லை" மட்டும்
ஒரு பிழையும் இல்லாமல் அச்சாகியிருந்தது.

கொட்டகலைச் சந்தியில் யாரோ
சிவப்புப் பேனாவால் காலை வரைந்து
ஓரத்தில் எழுதியிருந்தார்கள்: அரைப் புள்ளி குறைவு.
அரைதானா?

இரவு ஒன்பதுக்கு ஓர் அழைப்பு.
கினிகத்தேனையில் டயர் ஒட்டுகிற நஸ்மி.
சுவரொட்டியில் கடைசி ஏழு ஒன்றாக மாறியதில்
எங்கள் இலக்கம் அவருடையதாகியிருக்கிறது.
திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அறுபத்துமூணு பேர் எடுத்தாங்க தம்பி.
பேரு, தோட்டம், டிவிசன் எல்லாம்
டயர் பில்லுக்குப் பின்னால எழுதி வச்சிருக்கேன்.
அடுத்த சம்பளத்துக்கு வாங்குறாங்களாம்.
எல்லாருக்கும் ஒரே கேள்விதான்,
நான் என்னத்தச் சொல்ல?
அது ஆறுமா, ஆறாதா?"

மழை தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.
கைபேசியை வாய்க்குக் கிட்ட வைத்து
"ஆறாது" என்றேன்.
றாவை நீட்டி.