வியாழக்கிழமை விலை

எஸ்கிஷெஹிரில், ரிஃப்கியின் கடையில்
பாலாடைக்கட்டி விலையை
வியாழன்தோறும் குறித்துவந்தாள் நெஸ்லிஹான்.
நாற்பத்தொரு வாரம்.

வட்டி ஏறியது. பின் இறங்கியது.
பாலாடைக்கட்டிக்கு அதெல்லாம் தெரியாது;
வியாழனன்று மட்டும் ஏறிற்று.

பால் வண்டி வருவதோ திங்கட்கிழமை.
வாடகை நாள் ஒன்றாம் தேதி.
லிரா சரிந்த நாட்களும் பொருந்தவில்லை.
விடுதியில் மூன்று இரவு
சமன்பாட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள்.

கடைசியில் அவரையே கேட்டாள்.
அட்டையில் பழைய எண்ணை அடித்துக்கொண்டே
சொன்னார்:
"நோட்டோடு வருகிறாய்.
பல்கலைக்கழகத்துப் பெண்.
விஷயம் தெரியாமலா குறித்துக்கொள்வாய்?"

கால் கிலோ வாங்கினாள்,
புதிய விலைக்கு.

ஆய்வேட்டின் பெயர் இன்னும்
'வட்டி விகிதமும் விலைவாசியும்'தான்.
பன்னிரண்டாம் அடிக்குறிப்பில் மட்டும்
அவளும் ஒரு மாறி.