ஏழாம் கேள்வி

டண்டீ தீயணைப்பு நிலையம். பின்னிரவு மூன்று.
சமையலறையில்
ஆறிய தேநீர், மடிக்கணினி, மோராக்.

இரண்டு முறை பதவி உயர்வுப் பட்டியல் வந்தது,
அவள் பெயர் இல்லாமல்.
"நீ கேட்கவே இல்லையே" என்றார் கமாண்டர்,
ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.
யாராவது கவனிப்பார்கள் என்று
பதினோரு வருடம் ஹோஸ் சுருட்டியிருக்கிறாள்.

'நீங்கள் தலைமை தாங்கிய தருணம் ஒன்று.'

பழைய சணல் ஆலை. மூன்றாம் மாடி.
கூரை முனகியது அவளுக்கு மட்டும் கேட்டது.
"திரும்பினோம்" என்று எழுதுகிறாள்.
வாசித்துப் பார்க்கிறாள்.
புகைக்குள் நாலு தோள்களைத் தடவிப் பிடித்து
படிக்கட்டுப் பக்கம் தள்ளியது
எந்த நாங்கள்?

அழிக்கிறாள்.
"திருப்பினேன்."

திருடியதுபோல் கூச்சம்.
சுற்றிலும் பார்க்கிறாள், யாருமில்லை.

மணி அடிக்கிறது.
சேமித்துவிட்டு ஓடுகிறாள்.
எட்டாம் கேள்வி காத்திருக்கட்டும்.